படத்தில் செத்துப்போன வலது விங்

படத்தில் எங்கள் அண்ணன் மழையில் முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்தார். அவருடைய மடியில் கூட்டாளி நானாவின் உடல் கிடந்தது. மட்டக்களப்பில், புளியந்தீவில் ஒரு மண்டபத்தில், பிற்பகல் காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் அழுதவர் ஒரு நடிகர். உண்மையான அண்ணன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் கண்டதில்லை. அப்பாவின் செத்த வீட்டில்கூட வந்தவர்களுக்குக் கதிரை போடுவதில்தான் கவனமாக இருந்தார்.

இளமையில் அண்ணனுக்கு வாழைச்சேனையில் வேலை. அங்கே தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு உதைபந்தாட்ட அணி வைத்திருந்தார்கள். அண்ணன் அதன் கெப்டன். வலது விங்கில் ஓடியவர் பக்கத்து ஓட்டமாவடிக்காரர், முஸ்லிம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் நானா. லீவு நாட்களில் அண்ணனோடு எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்கு வருவார், இருவரும் ஆற்றில் இறங்கினால் சோறு ஆறிப்போகும்வரை கரையேற மாட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் கலந்து விளையாடிய அந்த அணி ஒருமுறை கிண்ணம் வென்று, லொறியில் ஏறி ஊர்வலம் போனது. பிறகு கலவரம் வந்தது. இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்தன, இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். கடைக்குப் போன நானாவின் தம்பி திரும்பி வரவில்லை, உடல்தான் வந்தது. அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துசேர்ந்தார். அதன்பின் அவர் ஓட்டமாவடிப் பக்கம் போகவில்லை. பாதை திறந்தது, பஸ் ஓடியது, சண்டையும் முடிந்தது. அப்போதும் போகவில்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை வைத்து எடுத்த படங்கள் என்றால் அண்ணனுக்கு உயிர். அவரோடு இருந்து நானும் பல பார்த்திருக்கிறேன். அவற்றில் அவருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். "படத்தில பந்து சொல்லுக் கேக்குதுகா. எங்களுக்கு எங்க கேட்டது?" என்பார். எனக்குப் பட்டது வேறு. ஒருவருடைய வாழ்க்கை எந்த ஆட்டத்தோடும் முடிவதில்லை. படத்துக்கோ ஒரு கடைசி ஆட்டம் வேண்டும், அதில் கதாநாயகன் வெறியோடு ஓட ஒரு காரணமும் வேண்டும். அதற்காக யாராவது ஒரு கூட்டாளி சாகவேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டாளி உண்மையில் எங்கேயோ கடை வைத்திருக்கலாம். தூர தேசத்துக் கதைகளில் அதையெல்லாம் போய் யார் விசாரிப்பது?

எங்கள் கதையை எடுக்க வந்த டைரக்டர் மட்டக்களப்புப் பொடியன்தான், நல்ல மரியாதைக்காரன். அணியின் பழைய புகைப்படத்தைக் காட்டி, "இவர் இப்ப எங்க, ஐயா?" என்று நானாவைச் சுட்டிக் கேட்டான். அண்ணன், "தெரியா தம்பி" என்றார். அது பொய்யுமில்லை, மெய்யுமில்லை. தேடிப்போன இடத்தில் யாரோ அவர் கலவரத்தில் செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் சாவு ஊர் வாயில் தமையனுக்குப் போய்விட்டது. டைரக்டர் அதையே எழுதிவிட்டான்.

படம் முடிந்து வெளிச்சம் போட்டபோது, எங்களுக்குப் பின் வரிசையிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் எழுந்தார். பக்கத்தில் ஒரு பெண். பேஸ்புக்கில் விளம்பரத்தைக் கண்ட மகள் வாப்பாவைக் கூட்டி வந்திருந்தாள். அவர் எங்களிடம் வந்த நடையைப் பார்த்ததும் நானாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் எழுந்து நின்றார், ஆனால் கையை நீட்டவில்லை.

"மச்சான், நான் மௌத்தானதுக்கு நல்லாத்தான் அழுதிருக்காய்" என்றார் நானா. குரலில் கோபமில்லை. "தம்பி மௌத்தானப்போ ஒருக்கா வந்திருக்கலாம்தானே."

அண்ணன் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "முதல்ல பயம்டாப்பா. பயம் போனாப்பிறகு வெக்கம்."

"எங்களுக்கும் பயந்தான்" என்றார் நானா. "உன்ட ஊருக்கு நானும் வரல்லதானே."

அதற்குள் டைரக்டர் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் காட்சியை வெட்டிவிடுவதாகச் சொன்னான். நானா அவனுடைய தோளில் கையை வைத்தார்.

"வெட்ட வேணாம் தம்பி. அழுத அழுகை வீணாகப்படாது. என்ட பேரை எடுத்துப்போட்டு என்ட தம்பிட பேரை வைங்க. டீமில சேரோணுமெண்டு ஒவ்வொரு நாளும் கிரவுண்டுக்கு வருவான். இந்தக் கெப்டன் அவனை எடுக்கவே இல்ல."

"நல்ல பொடியன்" என்றார் அண்ணன். "ஆனா காலில பந்து நிக்காது."

"ஓம், நிக்காதுதான்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடியுமுன்பே நானா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அண்ணன் அப்போதுதான் அவருடைய கையைப் பிடித்தார்.

டைரக்டர் சொன்னபடி செய்தான். குரல்களைத் திரும்பப் பதிவுசெய்து, பெயரை மாற்றினான். அடுத்த திரையிடல் ஓட்டமாவடியில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அன்று மதியமே அண்ணனும் நானும் போய்விட்டோம். நானா வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணனை, தம்பியை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப் போனார். நான் போகவில்லை. திரும்பி வந்தவர்களின் கால்களில் மணல் ஒட்டியிருந்தது, இருவரும் கிணற்றடியில் கழுவினார்கள்.

படம் ஓடியது. மழையில் அந்த நடிகர் மறுபடியும் அழுதார். கடைசியில் அணியின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. தம்பியின் பெயர் வலது விங்கில் வந்தது. நானாவின் பெயர் எங்கும் இல்லை.

அண்ணன் பக்கத்தில் சாய்ந்து, "உன்ட இடத்திலதான் போட்டிருக்கான்" என்றார் மெல்ல.

"அவன் விளையாடட்டும்" என்றார் நானா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ரிசேவில இருக்கன்."