அரை விரல் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு நின்றுகொண்டு குளிக்கும் ஆசை வந்தது. ஆபீஸ் வேலையாக ஒருமுறை வெளிநாடு போய் ஓட்டல் ஷவரில் நனைந்துவிட்டு வந்தவன், வீட்டில் பக்கெட்டும் மக்குமாகத் திருப்திப்படுவானா? தரையில் பதித்து, மேலே நின்று குளிக்கும் வெள்ளை ஷவர் ட்ரே ஒன்று வாங்கினேன். அல்சூரில் இருந்த எங்கள் மாடி வீடு வரை ஆட்டோவில் அது உட்கார்ந்து வர, நான் தொங்கிக்கொண்டு வந்தேன்.

மேஸ்திரி பக்கத்துப் பேட்டை, மர்பி டவுன்காரர். பழைய பூச்சைத் தலை உயரத்துக்குக் கொத்தி எடுத்து, தண்ணீர் இறங்காத கலவையைச் சுவரில் பூசினார். தரையிலும் பூசினார். பிறகு தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, நாலு விரல் தண்ணீர் நிரப்பி, சுவரில் ஒரு கோடு போட்டார்.

"ரெண்டு நாள் இது அப்படியே நிக்கணும் சார். கோட்டுக்குக் கீழே இறங்கலைன்னாதான் ட்ரே வைப்பேன். இறங்கிச்சுன்னா கீழ்வீட்டுக்குப் போவுதுன்னு அர்த்தம்."

எங்களுக்கு இருந்தது ஒரே குளியலறை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அவ்வளவு தண்ணீர் சும்மா நிற்பதை மனைவியால் பார்க்க முடியவில்லை. "குளிக்கக் கட்டறீங்களா, கும்பிடக் கட்டறீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை ஆபீஸில் மீட்டிங். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது. வெயிலே எட்டாத அந்த அறையில் அது ஆவியாகிவிட்டது என்று முடிவு செய்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு இது ஒரு வசதி. எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். துணியைப் பிடுங்கிவிட்டுக் குளித்தேன்.

"கோட்டுக்குக் கீழே இறங்கலையே சார்?" என்று, ரெண்டு நாள் முடிந்து வந்த மேஸ்திரி கேட்டார்.

"இல்லை."

"நல்லா பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன்."

அவர் நம்பி ட்ரேயை வைத்து, டைல் ஒட்டினார்.

கீழ்வீட்டில் இருந்தவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர், தனி ஆள். எங்கள் குளியலறைக்கு நேர் கீழே அவருடைய அறை. ஞாயிறு காலையில் அங்கே காபி, ஆங்கிலப் பேப்பரில் குறுக்கெழுத்து. நான் சொல்லும் தப்பான விடையையும் பென்சிலால் எழுதிக்கொள்வார். நான் போன பிறகு அழிப்பார்.

அந்த வருஷ மழைக்குப் பின் நாற்காலிகளை வெளியே போட ஆரம்பித்தார். "உள்ளே வெக்கை சார்." டிசம்பர் மாதம், அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கொஞ்ச நாளில் நாற்காலிகளும் வரவில்லை. என் ஜோக்குகள் சலித்துவிட்டன போலிருக்கிறது என்று நினைத்தேன். கூப்பிட்டால் போகலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன். இரண்டு வருஷம்.

மைசூரிலிருந்து அவர் மகள் லாரியோடு வந்த அன்றுதான் உள்ளே போனேன், சாமான் தூக்க. கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. ஒரே சுவரில் நாலு காலண்டர், எல்லாம் ஒரே வருஷத்தியவை. மகள் அவற்றைக் கழற்றினாள். பின்னால் சுவர் கறுத்து, பொருமி, உதிர்ந்திருந்தது.

"அப்பாவுக்கு இருமல் நிக்கவே இல்லை. இந்த ஈரத்துல இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள்.

"ஏன் சார் என்கிட்ட சொல்லலை?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஆசையா கட்டினீங்க. உடைங்கன்னு எப்படிச் சொல்றது? உள்ளே வந்தா பார்த்துடுவீங்கன்னுதான் வெளியே உட்கார்ந்தோம். தப்பா நினைக்காதீங்க சார்."

தப்பாக நினைக்க வேண்டாம் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே மேஸ்திரியை அழைத்து, அரை விரல் கதையைச் சொன்னேன். சுத்தியலைக் கையில் எடுத்தபடி அவர் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொரு கோட்டிங் சார். அரை நாள் வேலை."

இந்த முறை தண்ணீர் மூன்று நாள் நின்றது. நான் பக்கத்துத் தெரு நண்பர் வீட்டில் குளித்தேன். கீழ்வீட்டுச் சுவர் காய்ந்ததும் மைசூருக்கு போன் செய்து, "எல்லாம் சரி பண்ணியாச்சு, திரும்பி வந்துடுங்க சார்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். பார்க்கலாம் சார்" என்றார்.

முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழகாத மனிதர். அவருடைய 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.