அவள் ஏறியதை நான் பார்த்தேன்

நிலக்கரிக் கப்பல் ஒன்றின் பக்கவாட்டில், சாய்ந்து தொங்கிய படிக்கட்டின் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி நாங்கள் இருவரும் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கப்பலில் ஏறுவதற்காகக் கரைக்கு இறக்கிவிடும் அந்த நீண்ட படிக்கட்டைத் துறைமுகத்தில் கேங்வே என்பார்கள். பாதி ஏறியிருந்தபோது அதைத் தாங்கிய வடம் ஒரு பக்கம் நழுவிவிட்டது. கீழே, கப்பலுக்கும் கரைமேடைக்கும் இடையில், கறுத்த தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாலுமிகள் வடத்தை இழுத்து நிமிர்த்தினார்கள். எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். நான் ஸ்ரீவைகுண்டத்து வாத்தியார் மகள். அவள் ஓட்டப்பிடாரத்துப் பலசரக்குக் கடைக்காரரின் மகள். வந்த கப்பலில் ஏறி, கேப்டனைப் பார்த்துக் காகிதங்களில் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலை. அன்றைக்குப் பிறகு துறைமுக வாசலை நெருங்கினாலே இருவருக்கும் நெஞ்சு அடைத்தது. மேலாளர் எங்களை மேசை வேலைக்கு மாற்றினார். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, தனக்கும் தூக்கமில்லை என்று அவள் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பிறகு அவள் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போக ஆரம்பித்தாள். கப்பல் நிற்கும் இடத்துக்குப் போய், கேங்வேயின் கைப்பிடியைப் பிடித்துச் சும்மா நிற்கிறாளாம். படபடப்பு அடங்கியதும் திரும்பி வந்துவிடுகிறாளாம். பயத்தைத் துரத்தாமல் அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி ஒரு மருத்துவர் சொன்னாராம். என்னையும் கூப்பிட்டாள். வேலை கிடக்கிறது என்றேன். அடுத்து ஒரு படி ஏறி இறங்கினாள், பிறகு இன்னும் சில படிகள். காவலாளிகள் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் மேல்தளம் வரை போய் வந்த நாளில் மேலாளர் மக்ரூன் இனிப்பு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். என் வாயில் அது மண்ணாக இருந்தது. தொங்கும்போது சேர்ந்துதானே தொங்கினோம், இவள் மட்டும் எப்படி இறங்கிவிட்டாள் என்று வயிறு எரிந்தது. அவள் கூப்பிட்டதும் நான் போகாததும் அந்த எரிச்சலில் நினைவுக்கு வரவே இல்லை.

அதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று. அவள் மறுபடி கப்பல் வேலைக்குப் போக ஆரம்பித்தபின், ஒரு கப்பலில் கேங்வேக்குக் கீழே, விழுந்தால் தாங்கும் வலை கட்டவில்லை. வலை கட்டினால்தான் ஏறுவேன் என்று அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். நேரம் போகிறது என்று மேலாளர் போனில் கத்தியும் அசையவில்லை. கடைசியில் கப்பல்காரர்கள் கட்டினார்கள். ஏறும் தைரியத்தோடு, ஏறமாட்டேன் என்று சொல்லும் தைரியமும் அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டும் இல்லை.

மறுநாள் மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அவள் பின்னாலேயே கப்பல் வரை போனேன். நான் நேராக ஏற ஆரம்பித்தேன். நடுவில் கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். தைரியமாக ஏறு என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். அந்த ஆத்திரத்தில் மீதிப் படிகளை ஏறிவிட்டேன்.

டீக்கடையில் வைத்து, ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ எம்மேல உள்ள எரிச்சல்லதான ஏறுத," என்றாள் சிரிக்காமல். "நடுவுல நான் நல்ல வார்த்தை சொல்லி அதக் கெடுக்கவா?"

எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் டீயை முழுக்கக் குடித்தேன்.

இப்போது நான் கப்பல்களில் ஏறுகிறேன். படபடப்பு வரும், நின்று பார்ப்பேன், அடங்கியதும் மேலே போவேன். அவளோ துறைமுகத்தோடு நிற்கவில்லை. வெளிக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குப் படகில் போய், ஆடும் நூலேணியில் ஏறுகிறாள். போன வாரம் அப்படி ஏறும் படம் ஒன்றை அனுப்பினாள். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, மேலாளர் அறைக்குப் போய், அடுத்த முறை வெளிக்கடலுக்கு என்னையும் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.