அட்டை பத்திரம்!

சென்ற மாதம் நான் திருகோணமலைக்குச் சுற்றுலா போனேன்.

சிரிக்காதீர்கள். அதே ஊர் ஓர்ஸ் ஹில்லில் சொந்த வீடு வைத்திருக்கிறவன், நாற்பது வருடமாக இந்தத் துறைமுகத் தண்ணீரில் முகம் பார்க்கிறவன், அதே துறைமுகத்தைப் பார்க்க மூன்று நாள் பயணம் செய்தேன் – கண்டி வழியாக! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே... அதைச் செய்து காட்ட ஒரு கம்பனியே இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் என் மருமகனின் அன்பு. கொழும்பில் பெரிய உத்தியோகம். "மாமா, நீங்கள் ஒருநாளும் ஓய்வெடுக்கேல்லை" என்று சொல்லி ஒரு கடதாசியைக் கையில் தந்தார். 'மலை – மழைக்காடு – கடல்: மூன்றே நாளில், தமிழ் பேசும் வழிகாட்டியுடன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எந்தக் கடல் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கள் காலத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பெரிய எழுத்துத்தான்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை இன்றுதான் முதன்முதல் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலின் வயிற்றில் துருச் சுரண்டிய கூலி நான். இன்று இங்கே வருகிற கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, கயிறு, சவர்க்காரம் எல்லாம் என் லொறியில்தான் போகின்றன. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

கண்டி ரயில் நிலைய வாசலில் ஒரு வான் நின்றது. பக்கத்தில் ஒரு மனிதர் – கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல், நாற்பது வயதிருக்கும். பெயர் இராமையா. தேயிலைத் தோட்டத்து லயத்தில் – கூலிகளின் வரிசை வீட்டில் – பிறந்து வளர்ந்தவர். எங்கள் வழிகாட்டி.

"எல்லாரும் அடையாள அட்டை கொண்டாந்திருக்கீங்களா? கடைசி நாள் திருகோணமலை துறைமுக கேட்டுல கேப்பாங்க. அட்டை பத்திரம்!"

திருகோணமலையா? அந்த நிமிடத்தில்தான் சின்ன எழுத்து எனக்கு விளங்கியது. திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் மருமகன் தந்ததை வேண்டாம் என்றால் மகள் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அதைவிட மலையேறலாம்.

சேட்டின் நெஞ்சுப் பையில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். "என்ர இருக்கு தம்பி. உம்மட எங்க?"

"நான் வழிகாட்டிங்க ஐயா. என்னைய யாரு கேக்கப் போறா?" என்று சிரித்தார். தொடங்கிய சிரிப்பு சட்டென்று முடிந்துபோனது. நான் அதைக் கவனித்தேன்... கவனித்துவிட்டு மறந்துவிட்டேன்.

வான் புறப்பட்டதும் மனிதர் மறைக்காமல் சொன்னார்: "இது எனக்குப் பரீட்சைப் பயணமுங்க. ஏழு வருசமா நாள் கூலிதான். இந்த மூணு நாளும் நல்லபடியா முடிஞ்சு, கடைசில நீங்க ஒரு படிவத்துல எழுதிக் குடுப்பீங்க. அதப் பாத்துத்தான் வேலைய நிரந்தரமாக்குவாங்க."

வானில் எட்டுப் பேர். முன் சீட்டில் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் கந்தையா மாஸ்டரும் மனைவியும். மாஸ்டர் உடனே பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடினார். நாற்பது வருடம் மற்றவர்களுக்குப் புள்ளி போட்ட கை, சும்மா இருக்குமா? மற்ற ஐந்து பேரும் ஏறியதும் நித்திரை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை – கொடுத்துவைத்தவர்கள்.

முதல் நாள் மலை. மலை என்பது கீழே நின்று பார்க்க வேண்டிய பொருள் என்பதை மேலே போய்த் தெரிந்துகொண்டேன். கிட்டப் போனால் வெறும் பனிப்புகார்தான். சில பெரிய மனிதர்களும் அப்படித்தான்.

"அந்தா, அதுதாங்க நான் பொறந்த லயம்" என்று இராமையா புகாருக்குள் கையை நீட்டினார். நாங்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாமல் தலையாட்டினோம். "இந்தச் சரிவு பூரா எங்க தாத்தா வச்ச தேயிலைக் கண்ணுங்க."

"அப்ப மூண்டு தலைமுறையாய் நீங்கள் இஞ்சைதானோ?" என்றார் மாஸ்டர்.

"எம் புள்ளைங்களும் இங்கதாங்க பொறந்துச்சு. நாலு தலைமுறை."

இரண்டாம் நாள் மழைக்காடு. மழைக்காடு என்றால் என்ன? மேலே இருந்து மழை வரும். கீழே இருந்து என்ன வரும் என்பதை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. இல்லை, சொன்னார்கள். அதுதான் கதை.

மாஸ்டர் முழங்கால் வரைக்கும் மேசு, அதாவது காலுறை, போட்டு, காற்சட்டையை அதற்குள் செருகிக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல் இடுப்பில் வெள்ளைச் சாரம். இராமையா முன்னால் நடந்து நடந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிக் கத்தினார்: "அட்டை பத்திரம்! அட்டை பத்திரம்!"

நானும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேட் பையைத் தடவினேன். அட்டை பத்திரமாக இருந்தது.

எனக்கு எரிச்சல். இந்தக் காட்டுக்குள் என் அடையாள அட்டையை யார் திருடப்போகிறான்? குரங்குக்கு என்ன, கூப்பன் கடையில் சீனி எடுக்க வேண்டியிருக்கிறதா? இருந்தாலும் பரீட்சை எழுதுகிற மனிதர், போகட்டும் என்று ஒவ்வொரு முறையும் தடவினேன். மற்றவர்கள் எல்லோரும் குனிந்து காலைப் பார்த்தார்கள். படித்தவர்கள் அட்டையைச் சப்பாத்துக்குள் வைத்திருப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐயோ, முதலாளி! உங்கட கால்!" – மாஸ்டரின் மனைவி.

குனிந்தேன். வெள்ளைச் சாரம் சிவப்பாகியிருந்தது. ஒரு காலில் ஏழு. மற்றக் காலை எண்ணும் தைரியம் எனக்கில்லை.

வாசகர்களே, எங்கள் குச்சவெளிக் கரையில் அட்டை என்றால் கடலட்டை. கடலின் அடியில் தன்பாட்டில் கிடக்கும். எடுத்து, அவித்து, காயவைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். அது ஒருவரையும் கடித்ததாகக் கேள்வியில்லை. தம்பலகாமத்து வயலிலும் அட்டை உண்டுதான். ஆனால் அது மரியாதையாகத் தண்ணீருக்குள் இருக்கும். நடந்து வந்து, வரிசையில் நின்று, காலில் ஏறுகிற அட்டையை நான் எங்கே கண்டேன்?

இராமையா மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இடுப்பில் இருந்த சின்னத் துணி முடிச்சை அவிழ்த்தார். உப்பு. ஒரு சிட்டிகை வைக்க, ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தது.

"காலைலேருந்து கத்திக்கிட்டேதானே வாரேன் ஐயா, அட்டை பத்திரம்னு!"

"நானும் காலமையில இருந்து பத்திரமாத்தானே வச்சிருக்கிறன்!" என்று பையைத் தட்டிக் காட்டினேன்.

இராமையா பையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வர, உப்பு முடிச்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். முதல் நாள் அரைவாசியில் நின்றுபோன சிரிப்பின் மிச்சமும் சேர்ந்து வந்ததுபோல இருந்தது. நித்திரைக்காரர்கள் ஐந்து பேரும்கூட விழித்துச் சிரித்தார்கள்.

"பத்திரம் எண்டால் கவனம் எண்டும் பொருள், முதலாளி" என்று மாஸ்டர் இலக்கணம் சொன்னார்.

"பொருள் இப்ப கால்ல தெரியுது, மாஸ்டர்."

சேட் பையில் இருந்த கைக்குட்டையை உருவி இரத்தத்தைத் துடைத்தேன். அந்தக் கைக்குட்டையை ஞாபகம் வைத்திருங்கள். எந்த அட்டை என்று தெரிந்துவிட்டதல்லவா? அதற்குப் பிறகு இராமையா கத்தியபோதெல்லாம் நானும் கெட்டிக்காரனாகக் காலைத்தான் பார்த்தேன். பையை ஒருமுறைகூடத் தடவவில்லை.

மூன்றாம் நாள் கடல். அதாவது, என் வீடு.

தம்பலகாமம் தாண்டும்போது இராமையா தன் குறிப்புக் கொப்பியை விரித்தார். "இங்க காட்டு யானைங்க கூட்டமா வரும். அந்தா பாருங்க, தூரத்துல ஒண்ணு..."

"தம்பி, அது டிரக்டர்" என்றேன்.

மலையில் ஒவ்வோர் இலைக்கும் பெயர் சொன்ன மனிதர், எங்கள் ஊர் எல்லைக்குள் வந்ததும் கொப்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் விடுவேனா? வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் என்று திருத்தினேன். குளத்தின் பெயரைத் திருத்தினேன். "துறைமுக வாசலில எனக்கு அட்டையே தேவையில்லை. என்ர முகம்தான் அட்டை" என்றும் வான் முழுக்கக் கேட்கச் சொன்னேன். இராமையா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பொறாமை என்று நினைத்தேன்.

சந்தியில் வான் நின்றபோது, கிண்ணியா மீன் வியாபாரி மீராசா சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். என்னோடு முப்பது வருடப் பழக்கம்.

"அல்லாவே, முதலாளியோ! எப்பிடி எங்கட திருகோணமலை? புடிச்சிருக்கோ? ரெண்டு நாள் நிண்டு பாத்திட்டுப் போங்களன்!"

சந்தி முழுக்கச் சிரித்தது. இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது என்று கேள்வி.

துறைமுக வாசல். இளம் காவலர் ஒருவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அட்டை கேட்டார். மாஸ்டர் நீட்டினார். மனைவி நீட்டினார். நித்திரைக்காரர்கள் கொட்டாவியோடு நீட்டினார்கள். நான் பையில் கையை விட்டேன்.

கைக்குட்டை இருந்தது.

கைக்குட்டை மட்டும்தான் இருந்தது. இரத்தம் துடைக்க அதை உருவியபோது அட்டையும் கூட வந்து விழுந்திருக்கிறது. காட்டில் இப்போது ஏதோ ஒரு குரங்கு, ஓர்ஸ் ஹில் விலாசத்தோடு உலாவுகிறது.

வியர்த்துவிட்டது. அதற்குள் உள்ளே இருந்து பழைய காவலர் எழுந்து வந்தார். இருபது வருடமாக என் லொறிக்குக் கதவு திறந்தவர். "ஆ, முதலாளி! அட்டை என்னத்துக்கு? போங்க, போங்க!"

சொன்னேனா, இல்லையா? நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. உள்ளே காலை வைத்துவிட்டேன். பின்னால் பழைய காவலரின் குரல் கேட்டது: "இவர்ட அட்டை?"

இராமையா எட்டாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் ஒட்டியிருந்தது. "தோட்டத்து ஆளுங்க இங்க பொறந்தாலும் பிரஜாவுரிமைக்கு மனுப் போடணுங்க. போட்டிருக்கு. இன்னும் முடிவு வரல. அது வந்தாத்தான் அட்டை."

பழைய காவலர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தார். "இது அட்டை இல்லத்தானே. ஏலாது."

"அவர் என்ர ஆள். நான் பொறுப்பு" என்றேன்.

"முதலாளிட முகம் முதலாளிக்கு மட்டும்" என்றார் காவலர்.

நாற்பது வருடத்தில் அந்த வாசலில் என் சொல் எடுபடாமல் போனது அன்றுதான்.

இராமையா என்னிடம் வந்தார். கொப்பியை என் கையில் வைத்தார். விசிலையும் கழற்றி வைத்தார். "நேரம் போகுதுங்க. நீங்க உள்ள கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. கேக்க மாட்டாங்கன்னு நம்பித்தான் வந்தேன்... நான் இங்கேயே நிக்கிறேன்."

"வழிகாட்டி இல்லாமல் என்ன சுற்றுலா? இதை நான் கட்டாயம் எழுதுவன்" என்றார் மாஸ்டர், பேனா மூடியைக் கழற்றியபடி.

நான் விசில் ஊதினேன்.

துறைமுகத்தை நான் காட்டினேன். கொப்பி எதற்கு? எந்த இறங்குதுறையில் எந்தக் கப்பல், எந்தக் கப்பலின் அடியில் நான் தொங்கினேன், எந்த வெள்ளைக்காரத் துரை என் வேலையைப் பார்த்து வாய்பிளந்தான்... எல்லாம் சொன்னேன். பாதி உண்மை, மீதி என் கைச்சரக்கு. ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் வாசலில் ஒரு ஆள் வெயிலில் நிற்பது தெரிந்தது. காவலர் கொட்டிலுக்குள் நிழல் இருந்தது. உள்ளே கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டார். அவர் வேலையில் நின்றார்.

நாங்கள் வெளியே வந்தபோது எட்டு இளநீர் சீவித் தயாராக இருந்தது. தனக்கென்று ஒன்பதாவது இல்லை.

வானில் ஏறியதும் படிவம் வந்தது. 'வழிகாட்டி கடைசிவரை உங்களுடன் இருந்தாரா?' என்று ஒரு கேள்வி.

"இல்லை எண்டுதான் எழுதவேணும். உண்மை உண்மைதானே" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், அட்டையைத் துலைச்ச நான் உள்ளுக்குப் போனனான். துலைக்கிறதுக்கே அட்டை இல்லாத மனிசன் வெளியில நிண்டவர். இதில எந்த உண்மையை எழுதப் போறியள்?"

மாஸ்டரின் பேனா காற்றில் நின்றது. மனைவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "காட்டுக்குள்ள அவர் உங்கட மேசுக்குள்ளயும் இருந்து ரெண்டு எடுத்துவிட்டவர். அந்த உண்மையையும் எழுதுங்கோ, அப்பா."

மாஸ்டர் 'ஓம்' என்று எழுதினார். நான் எல்லாக் கேள்விக்கும் ஓம் எழுதினேன். 'ஏதேனும் குறை உண்டா?' என்பதற்கும் ஓம் எழுதிவிட்டேன். நல்ல வேளை, மாஸ்டர் எட்டிப் பார்த்து, தன் பேனாவாலேயே அதை வெட்டி, 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதித் தந்தார். படித்தவர்களாலும் சில நேரம் பிரயோசனம் உண்டு.

இந்த வாரம் எனக்கு இரண்டு தபால்.

ஒன்றில் என் புது அடையாள அட்டை. கிராமசேவகர் வீட்டுக்கே வந்து கடதாசி நிரப்பி, கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் வந்துவிட்டது. படத்தில் பழையதைவிட நான் அழகு.

மற்றது இராமையாவின் கடிதம். 'ஐயா, எல்லாரும் நல்லபடியா எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு மேனேஜர் ரொம்ப சந்தோசப்பட்டார். நிரந்தர வேலைக்குக் கடதாசியும் அடிச்சாச்சு. அதுல அட்டை நம்பர்னு ஒரு கோடு இருக்கு. அத நிரப்பிக் குடுத்தா கையெழுத்து வைப்பாங்களாம். அதுவரைக்கும் நாள் கூலிதான். உங்க காலு ஆறிடுச்சுங்களா?'

ஆறிவிட்டது, இராமையா. காட்டு அட்டைக்கு ஒரு சிட்டிகை உப்புப் போதும்.

மற்ற அட்டைக்கு என்ன போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள் – பெரிய எழுத்தில்.