நானே பூட்டிய கம்ப்யூட்டர்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நான் வடிகட்டின முட்டாள். அசெம்பிள் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல், பாகங்களை மேற்கு மாம்பலம் வீட்டுக்குத் தூக்கிவந்து நானே பூட்டினேன். கம்ப்யூட்டர் இரண்டு நிமிடம் ஓடும், பொசுக்கென்று அணையும். மகளோ சாயங்காலத்துக்குள் கல்லூரிக்கு பிராஜெக்ட் அனுப்ப வேண்டும்.

“கடைக்கே எடுத்துட்டுப் போயிடலாம்பா,” என்றாள், அழாத குறையாக.

“முடியாது! நானாச்சு, அதுவாச்சு!”

மறுபடி கழற்றினேன். பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஃபேனின் அடியில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். டிவி ரிமோட்டுக்கே கவரைக் கழற்றாத பரம்பரை நாங்கள். கீறல் விழக் கூடாதென்று நான்தான் அதை விட்டுவைத்திருந்தேன். அது மறித்ததில்தான் சூடு ஏறி ஏறி அணைந்திருக்கிறது. உரித்துவிட்டுப் பொருத்தினேன், அணையாமல் ஓடியது.

வெட்கமா? எதற்கு? கடையில் கொடுத்திருந்தால் என் முட்டாள்தனம் எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

“அடுத்ததையும் நானேதான் பூட்டுவேன்!” என்று மகளிடம் மார்தட்டினேன்.

“முதல்ல எந்திரிப்பா, நான் உக்காரணும்.”