வலது காதுக்கு வைத்த வரி

என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இதைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடமாக இந்தக் கை செங்கல் அச்சைத்தான் பிடித்திருக்கிறது. எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். பிழை கண்ட இடத்தில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். காதுக்குச் சரியாகவே இருக்கும்.

எழுதத்தான் வராதே தவிர, எனக்கு ஒரு வாசிப்பு தெரியும். எங்கள் கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பாடகர் குழு பாட்டை நான்கு பாகமாகப் பிரித்துப் பாடும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரி. மேல் வரி ராகம், அதாவது பாட்டின் மெட்டு. அது பெண்களுக்கு. அடுத்தது ஆல்டோ, தணிந்த குரல் உள்ள பெண்களுக்கு. மூன்றாவது டெனர். கடைசி வரி பேஸ், என்னைப்போல அடித்தொண்டைக்காரர்களுக்கு. சுரங்கள் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். நான் வாசிக்கும் இங்கிலீஷ் அந்த ஏழெட்டு எழுத்து மட்டும்தான்.

பேஸ் பாடுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவனை யாரும் தனியாகக் கேட்பதில்லை. நாலு பேர் முகம் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிற எனக்கு அதுதான் ஏற்ற இடம். கடைசி வரிசையில் நின்று, அடியில் எங்கேயோ பாடிக்கொண்டிருப்பேன். எனக்கு நேர் முன்னால் ஆல்டோ வரிசை. அதில் இரண்டாவதாக நிற்கிறவளை எனக்குப் பின்கழுத்தாகத்தான் முதலில் தெரியும். பிறகு குரலாக. பிறகு பெரியவர்கள் பேசி அவளை எனக்குக் கட்டிவைத்தார்கள். அதன்பிறகும் கோயிலில் அதே இடம்தான். அவள் முன்னால், நான் பின்னால். இருபத்திரண்டு வருடம் அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

நான்கு வருடம் முன்பு அவள் மஸ்கட்டுக்குப் போனாள். ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த அம்மாவை எல்லோரும் 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டுமாம், அங்கே அம்மாவுக்கு அதுதான் சொல். அவர் கட்டிலில் ஒரு மணி கட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் இவளுக்கு. மாமா இவளுக்கு இடது பக்கம். அதனால் போனில் பேசும்போதும் இவள் வலது காதில் மட்டும்தான் இயர்போன் வைப்பாள். இடது காது மணிக்கு. போனை வெளியே கேட்கும்படி வைக்க அந்த வீட்டில் அனுமதி இல்லை.

சென்ற மே மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க, எனக்கு ஒரு காரியம் பயமா இருக்கு."

"என்னட்டி?"

"நேத்து துணி மடக்கும்போ பாடிப் பாத்தேன். ஆல்டோ வரல்ல. ராகத்துலயே போய் விழுது. மூணு தடவ பாத்தாச்சு. நம்ம பாட்டாக்கும். அதுவே வரல்ல."

நம்ம பாட்டு என்று அவள் சொன்னது அறுவடைப் பண்டிகையில் வழக்கமாகப் பாடுகிற ஒன்று. கல்யாணத்துக்கு முன் முதல்முதலாக அவள் குரலை நான் தனியாகப் பிரித்துக் கேட்டது அதில்தான்.

"ஊருக்கு வந்தா தானா வந்துரும்" என்றேன்.

"வந்தா அந்த வரிசையில நிக்கணும்லா. பின்னால நீங்க பாடினாதான் எனக்கு முன்னால வழி தெரியும். உங்க பாகத்த மட்டும் பாடி அனுப்புங்க. அதப் பிடிச்சு நான் எனக்கத எடுத்துக்கிடுவேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாழ்நாளில் நான் தனியாகப் பாடியதே இல்லை.

முதலில் போனிலேயே பாடினேன். எங்கள் வீடு ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம். அந்த மாதங்களில் கணவாய்க் காற்று நாள் முழுக்க விடாது. காற்றாலைகள் எதிரே சுற்றிக்கொண்டே இருக்கும். சன்னலை அடைத்தாலும் ஓட்டு இடுக்கில் விசிலடிக்கும். கேட்டுப் பார்த்தால் காற்றுதான் பாடியிருந்தது. என் அடித்தொண்டை அந்தச் சின்னப் போனில் ஏறவே இல்லை. எங்கேயோ ஒருவன் சளி பிடித்து முனகுவதுபோல இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போகும்போது பள்ளிக்கூடத்தில் கிடைத்த லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரு மைக்கைச் சொருகினால் போதும் என்று நினைத்தேன். ஜங்ஷனில் மைக்செட் கடை வைத்திருப்பவன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சூளையில் வேலை காலை பதினொரு மணிக்கு முடிந்ததும் அவனிடம் போய் நின்றேன்.

"ஏலே மக்கா, உனக்க வாயிலருந்து சத்தம் வந்து நான் கேட்டதே இல்ல. உனக்கு எதுக்குல மைக்?"

"சும்மா."

"சும்மா கேக்குதவனுக்கு முகம் இப்பிடிச் செவக்குமா? யாரையாவது ஏசணுமா? சொல்லு, ஆம்ப்ளிஃபயரும் தாறேன்."

விஷயத்தைச் சொன்னேன். கேலி நின்றது. ஒரு மைக்கும், அதன் தடித்த முனையை லேப்டாப் ஓட்டைக்குச் சிறிதாக்குகிற ஒரு துண்டும் கொடுத்தான். வீட்டில் சொருகி, மைக்கில் வாயை வைத்துப் பாடினேன். போட்டுக் கேட்டால் ஃபேன் சத்தம், தெருவில் போன மீன்காரரின் ஹாரன், ரொம்ப தூரத்தில் நான். மைக்கை ஓட்டை மாறிச் சொருகியிருக்கிறேன். லேப்டாப் என் மைக்கை விட்டுவிட்டுத் தன் சொந்தக் காதாலேயே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.

விவரம் சொன்னதும் மறுநாள் அவனே உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியோடு வந்தான். பெட்டியின் ஒயர் லேப்டாப்புக்கு. பெட்டியின் முகத்தில் இரண்டு ஓட்டை. முதல் ஓட்டையில் மைக்கைச் சொருகி, எங்கே அமுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்று காட்டினான். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துக் கையைத் தட்டினான். சுவர் திருப்பித் தட்டியது.

"இது ஆகாது. காலியா கெடக்க கல்யாண மண்டபத்துல மைக் வெச்சா எதிரொலிக்கும். சனம் வந்து நெறஞ்சா அடங்கிரும். என்னத்துனால? ஆளுக்க துணியாக்கும் சத்தத்தக் குடிக்கது. உனக்க வீட்டுல துணி எங்க நெறைய கெடக்கு?"

துணி நிறையக் கிடப்பது ஒரே இடத்தில்தான்.

அவள் பீரோவை நான்கு வருடமாக நான் திறந்ததில்லை. என் சட்டையெல்லாம் கொடியில்தான். அவன் போனபிறகு சாவியை எடுத்துத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசம் முதலில் வந்தது. அதற்கடியில் மெதுவாக வேறொன்று. கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலைகள் நான்கு, மேலே தொங்கின. இரண்டு கதவையும் விரித்து, நடுவில் மைக்கை நிறுத்தி, சேலைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடினேன். யாரும் பார்க்கவில்லை. காற்றும் கேட்கவில்லை. சுதிக்கு மகளுடைய விளையாட்டுக் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினேன். தாளத்துக்குக் காலால் தரையைத் தட்டினேன். நான்கு சரணமும் நிற்காமல் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

லேப்டாப் திரையில் என் பாட்டு மலைமலையாக ஓடியிருந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி. அதில் ஒன்றுமில்லை. நேரான கோடு.

எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. பாட்டுப் பிரதியில் எல்லாப் பாகத்துக்கும் வரி இருக்கும். ஒரு பாகம் பேசாதிருந்தால் அந்த வரி வெறுமையாக இருக்கும். இரண்டு வரி கொடுத்திருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு என்று எடுத்துக்கொண்டேன். பேஸ் மேலேயும் ஆல்டோ கீழேயும் இருந்ததுதான் தலைகீழ். கம்ப்யூட்டர் வழக்கம் அப்படிப் போலும் என்று விட்டேன். அந்த நேர்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிற்கிற இடம் காலியாக இருப்பது போலத்தான் இருந்தது.

லேப்டாப்பிலேயே ஒருமுறை போட்டுக் கேட்டேன். நன்றாகக் கேட்டது. அனுப்பினேன்.

"ஒண்ணும் கேக்கல்லயே" என்றாள்.

மறுபடி அனுப்பினேன். கேட்கவில்லை. மறுநாள் பீரோவைத் திறந்து, இன்னும் சத்தமாகப் புதிதாகப் பாடி அனுப்பினேன். அன்று அவள் கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

"இஞ்ச பாருங்க. பாட வெக்கமா இருந்தா வெக்கம்ணு சொல்லுங்க. எனக்கு உங்களத் தெரியாதா? வெறும் டேப்ப அனுப்பிட்டு, பாடினேன் பாடினேன்னு சொல்லாதிங்க."

"பாடினேம்ட்டி."

"சரி. விடுங்க. எனக்கு இனி வராது. வராட்டா போட்டு."

அவள் அழவில்லை. போகட்டும் என்பதை அவள் அப்படிப் 'போட்டு' என்று சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல், என்னாலேயே பாடுவதை நிறுத்தப்போகிறது. நான் பாடவே இல்லை என்று நினைத்து நிறுத்தப்போகிறது.

லேப்டாப்பைச் சாக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு மைக்செட் கடைக்குப் போனேன். அவன் பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக் கேட்டான். ஒரு பக்கத்தைத் தூக்கினான், மறுபக்கத்தைத் தூக்கினான். சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏலே, இது இடது காதுல மட்டுமில்லா வருது. வலதுல ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. இஞ்ச பாரு, கீழ உள்ள கோடு சும்மா கெடக்கு. நீ பாக்கலியா?"

"பாத்தேன். அது அவளுக்க வரியில்லா?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டுப் பிரதி விவரத்தை அவனுக்குச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரையில் விரல் வைத்துக் காட்டினான்.

"மக்கா, மேல உள்ளது இடது காது, கீழ உள்ளது வலது காது. அவ்வளவுதான். நீ ஒரு ஓட்டையில மட்டும் மைக்கச் சொருகினதுனால ஒரு காதுலதான் ஏறியிருக்கு. இப்பம் ஒரு அமுக்கு அமுக்கினா ரெண்டுலயும் வந்துரும். செய்யட்டா?"

வலது காது. அவள் இயர்போன் வைக்கிற காது. மூன்று தடவையும் என் பாட்டு அவளுடைய மடியில் கிடந்த மற்ற இயர்போனில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

"வேண்டாம்" என்றேன். "அது அப்பிடியே கெடக்கட்டு."

கடை வாசலில் நின்றே அவளைக் கூப்பிட்டேன்.

"நீ எந்தக் காதுல வெச்சிருக்க?"

"எப்பவும் வைக்கதுதான். வலது காதுல."

"அத எடுத்துட்டு, கீழ தொங்குதுல்லா மற்றது, அத எடுத்து அதே காதுல வை. வெச்சு நான் அனுப்பினதக் கேளு."

போனை வைத்தாள். நான் ஜங்ஷனில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு நாலு நிமிடம். பத்து நிமிடம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"என்னட்டி, கேட்டுதா?"

"உங்க கால் தட்டுகதும் கேக்குது" என்றாள். பிறகு, "எங்க நின்னு பாடினிய? சத்தம் அப்பிடிப் பொத்தி வெச்ச மாதிரி இருக்கு."

பீரோவுக்குள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னும் சொல்லவில்லை. இதை அவள் வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அறுவடைப் பண்டிகைக்கு வரலாம் என்று இருந்தவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவுக்கு முடியாமல் போய், இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னார்கள். அதைச் சொன்ன அன்றே ஒரு சத்தத் துண்டையும் அனுப்பினாள். அந்த வீட்டில் சமையல் பார்க்கிற இலங்கைக்காரப் பெண்ணின் போனை வாங்கி வைத்து, தன் போனில் என் பாட்டைக் கேட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் ஆல்டோவைப் பாடியிருந்தாள். ஒரு இடத்திலும் ராகத்தில் போய் விழவில்லை.

மைக்செட் கடைக்காரன் அதை எடுத்துக் கீழே இருந்த வெறும் வரியில் வைத்தான். முன்னே பின்னே கொஞ்சம் நகர்த்தி, என் கால் தட்டோடு அவள் குரலைச் சேர்த்தான். ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டு, தானாகவே கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

இடது காதில் நான். வலது காதில் அவள். கோயிலில் நாங்கள் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில்லை. வேறு யாராவது கேட்டால் இது என்ன பாட்டு என்று சொல்ல முடியாது. ராகம் இதில் இல்லை. ராகம் பாடுகிறவர்கள் எப்போதும் வேறு ஆட்கள்தானே.

மூன்றாம் சரணத்தின் நடுவில் வலது காதில் மணி அடிக்கிறது. அவள் நிறுத்திவிடுகிறாள். "வாறேன் மாமா." செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. அதன்பிறகு வலதில் ஏ.சி.யின் இரைச்சல் மட்டும். இடது பக்கம் நான் ஒன்றும் தெரியாதவனாகக் காலைத் தட்டிக்கொண்டு கடைசிச் சரணம் வரை பாடிக்கொண்டே போகிறேன்.

அந்த மணியை வெட்டி எடுத்துவிடலாம் என்றான் அவன். வேண்டாம் என்றேன். மீதியை இன்னொரு நாள் பாடி அனுப்புகிறேன் என்றுதான் அவளும் சொல்லியிருக்கிறாள். சேலை ஒன்றைக்கூட இடம் மாற்றாமல் பீரோவைப் பூட்டி வைத்திருக்கிறேன். தினமும் சூளையிலிருந்து வந்ததும் ஒருமுறை அந்தப் பாட்டைக் கேட்பேன். மணி அடிக்கும்வரை இயர்போனை இரண்டு காதிலும் வைத்திருப்பேன். மணி அடித்தபின் இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு, வலதை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை இருப்பேன்.

ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை.