அவர் பக்கத்தில் விட்டு வைத்த இடம்

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா அம்மணி, வந்த அதிகாரி கையில் என் மருமகள் ஒரு வடையையும் கொடுத்துவிட்டாள். சமாதிக்குப் படைத்த இலையிலிருந்து எடுத்த வடை! அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. கடைசியில் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எண்ணெய் வடிந்து சட்டையெல்லாம் கறை. நல்ல மனுஷன்தான்.

நீ இந்த நகருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நீ இருக்கிற வீடு, அந்த மாடி வீடு, கோழித் தீவனக் கடை, எல்லாம் முன்பு சோளக்காடு. சுற்றியிருந்தவர்கள் மனை போட்டு விற்றுவிட்டு சேலம், ராசிபுரம் என்று போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் விற்கவில்லை. பிடிவாதக்காரர். தோசைக்குத் தேங்காய்ச் சட்னிதான் வேண்டும் அவருக்கு, தக்காளிச் சட்னி வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். நானும் விடமாட்டேன், மறுநாளும் தக்காளியே அரைப்பேன். அதை விடு.

அவர் கண்ணை மூடியதும் எங்கள் காட்டிலேயே வேப்பமரத்துக்குக் கீழே வைத்தோம். எங்கள் வழக்கம் அது, உழுத நிலத்திலேயேதான் படுக்க வைப்போம். மேலே சிமெண்ட் மேடை, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடம். இடப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் சும்மா விட்டிருந்தோம். அது அவர் உயிரோடு இருந்தபோதே காலால் கோடு கிழித்துக் காட்டியது.

"இது எனக்கு, இது உனக்கு. நடுவுல வேற ஆரையும் கொண்டாந்து வெச்சுப்போடாதீங்க."

"உங்க கொறட்டைக்குப் பக்கத்துல வேற ஆரு வந்து படுப்பாங்களாமா?" என்று கேட்டேன். அன்றைக்குச் சிரித்தார் பார், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். எங்கள் வீடு ரோட்டுக்குள் போய்விட்டது. மிச்ச நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு நான், மருமகள், பேத்தி மூன்று பேரும் இருந்தோம். மகன் ரிக் வண்டியில் வேலை. போர்க் கிணறு போட வடக்கே போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. கொட்டகை வெயிலுக்குக் கொதிக்கும், மழைக்குக் காது செவிடாகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குளிப்பதுதான் கஷ்டம். நான்கு குச்சி நட்டுச் சேலையைக் கட்டி மறைப்பு வைத்திருந்தோம். சுற்றிலும் மாடி வீடுகள், மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வயசுக்கு வந்த பெண் விடிவதற்கு முன்னால் எழுந்து, பாவாடையோடு நடுங்கி நடுங்கிக் குளிப்பாள்.

நம் நிலத்தில் வீடு கட்ட யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். கேட்க வேண்டுமாம். டவுன் எல்லை எங்களைத் தாண்டிப் போய் வெகு நாளாயிற்றாம். எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று கலர் அடித்து ஒரு படம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏது எழுத்து, மகன்தான் செல்லில் காட்டினான்.

"பச்சைன்னா வெள்ளாமைக் காடும்மா. மஞ்சள்னா ஊடு கட்டுற எடம். ஊதான்னா தறி, பட்டறை."

"நம்முளுது?"

"மஞ்சள்ல வந்திருச்சு."

மஞ்சள் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே கேசரி கிளறினேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

வீடு கட்ட மனு கொடுத்ததும், இடத்தைப் பார்வையிட அதிகாரி எப்போது வரலாம் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். என் மகன் எதைத் தொடங்கினாலும் அமாவாசையில்தான் தொடங்குவான். நம் பக்கத்து ஆட்கள் எல்லோருமே அப்படித்தானே, நல்ல காரியத்துக்கு அதைவிட நல்ல நாள் ஏது? அமாவாசையே வாங்க என்று சொல்லிவிட்டான். செத்தவர்களுக்குச் சோறு வைப்பதும் அன்றைக்குத்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்குத்தான் நாங்கள் மேடையைக் கழுவி, பூப்போட்டு, பெரிய இலையாக விரித்து, பூசணிக்காய், பருப்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜீப் வந்து நின்றது.

"என்னம்மா மேடை இது?" என்றார்.

"எங்க மாமாங்க," என்றாள் மருமகள்.

"எங்க இருக்காரு?"

"இங்கதானுங்க, உள்ள." சொல்லிவிட்டு, "அமாவாசையும் அதுவுமா வந்திருக்கீங்க, வெறும் வாயோட போகக் கூடாதுங்க" என்று வடையை எடுத்து நீட்டினாள். அந்த வடைதான் நான் சொன்னது.

அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பாட்டிம்மா, வெறும் மேடையா இருந்திருந்தா ஏதோ துணி துவைக்கிற மேடைன்னு நெனச்சுப் போயிருப்பேன். இப்ப அந்த மாடியில நின்னு மூணு பேரு வீடியோ எடுக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

குடியிருக்கிற இடத்தில் பிணம் புதைத்திருக்கக் கூடாதாம். இருந்தால் அது சுடுகாட்டுக் கணக்காம், பக்கத்தில் வீடு கட்ட அனுமதி கிடையாதாம். ஒன்று என் வீட்டுக்காரர் இருக்க வேண்டும், இல்லை வீடு வர வேண்டும். இனிமேல் இந்த நிலத்தில் யாரையும் புதைக்கவும் கூடாதாம். அதைச் சொல்லும்போது அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தார். நான்தான் கேட்டேன்.

"என்னையுங்களா சாமி?"

"ஆமா பாட்டிம்மா."

மகன் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்து, "ஊடு இல்லீன்னா போவுது. அப்பன் இருக்கட்டும், வாடகைக்குப் போயிக்கலாம்" என்றான். மருமகள் எழுந்தாள். வெளியே போய்க் காற்றில் சரிந்து கிடந்த மறைப்புச் சேலையை இழுத்துக் கட்டினாள். நானும் ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை அம்மணி, அங்கேயே சொல்லிவிட்டேன். "எடுத்துப் போடுங்கடா. உங்கப்பன் வெள்ளாமை பாத்த நெலத்துல, அவர் பேத்தி ஒளிஞ்சு ஒளிஞ்சு குளிக்கோணுமா?"

உத்தரவு வாங்கி, ஆபீஸ் ஆட்கள் பக்கத்தில் நிற்க, ஒரு விடியற்காலையில் தோண்டினார்கள். ஊர் ஊராய்ப் போய் ஆயிரம் அடி துளை போட்டவன் என் மகன், அவனுக்குக் கடப்பாரையைப் பிடிக்கக் கை வரவில்லை. கூலிக்கு வந்தவர்தான் தோண்டினார். என்னை வர வேண்டாம் என்றார்கள். வராமல் இருப்பேனா? வேட்டியெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அடக்கத்தன்று என் தம்பி ஒரு சால்வை போர்த்தியிருந்தான், அந்த நைலான் சால்வை மட்டும் ஜரிகையோடு அப்படியே இருந்தது. உயிரோடு இருந்தபோது அவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது! அவர் மேல் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது அவன் போர்த்தியதுதான் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எலும்பு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாலில் கழுவினோம். தலையை நானே கழுவினேன். எண்ணெய் தேய்த்துவிட்ட தலைதானே, எனக்கென்ன கூச்சம். கையில் எடுத்தால் சுரைக்குடுக்கை கணக்காக லேசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது.

புதுப் பானையில் போட்டு, சிவப்புத் துணி கட்டி, வேனில் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோனோம். பானை என் மடியில். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை நான், நம்புவாயா? மகன் ஆற்றில் இறங்கிக் கவிழ்த்தான். ஒரு முங்குதான். மேலே வந்தபோது பானை இல்லை.

அனுமதி வந்துவிட்டது. நாலு பக்கமும் இத்தனை அடி விட வேண்டும் என்று அதற்கும் ஒரு சட்டம். விட்டதுபோக வீடு எங்கே வரும், சமையற்கட்டு எங்கே வரும் என்று இன்ஜினியர் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டு போனார். வேப்பமரமும் போயிற்று. நான் கட்டிலைப் போட்டு வேடிக்கை பார்த்தேன். போன வாரம் மேஸ்திரி, அவர் படுத்திருந்ததற்கு இடப்பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னதுக்குங்க மேஸ்திரி இது?"

"கக்கூஸ் தொட்டிங்க ஆயா. வேற பக்கம் எடமில்லீங்க."

மகனுக்கு முன்னமே தெரியும். சொல்லவில்லை. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போடி பைத்தியம், எல்லாரும் தெனமும் வந்து போற எடமாச்சு, எனக்கென்ன கொறை?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு இனி டவுன் எரிமேடைதான். காஸில் எரிப்பார்களாம், சீக்கிரம் முடிந்துவிடுமாம். சரி, எரிக்கட்டும். சாம்பலை மட்டும் அதே ஆற்றில், அவரைக் கவிழ்த்த அதே படியில் விட வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். தலையாட்டினான். அவன் வடக்கே எங்கோ வண்டியில் இருக்கிற நாளில் நான் போய்விட்டால்? மருமகளுக்கு எந்தப் படி என்று தெரியாது, அவள் அன்றைக்கு வேனிலேயே மயங்கிக் கிடந்தாள். அரசமரத்துக்கு நேரே இறங்குகிற படி. நீ சின்னவள், ஞாபகம் வைத்துக்கொள்வாய். நீ வந்து காட்டுவாயா அம்மணி? சொல்லு. எதற்கு இப்படிக் கண்ணைத் துடைக்கிறாய், கேட்டதற்குப் பதில் சொல்லு...

அடடே, கரண்ட் வந்துவிட்டது பார். இரு, நேற்று எழுப்பின சுவர் தண்ணீர் காணாமல் வெளுத்துக் கிடக்கிறது, விட்டால் வெடித்துவிடும். மோட்டாரைப் போடுகிறேன். அந்த ஓஸ் குழாயைக் கொஞ்சம் இப்படி இழுத்துக் கொடு.