பூட்டிய கேட்டும் ஓடைத் தண்ணீரும்

பிள்ளைகளே, நீங்கள் புளியங்கொட்டை உடைக்க எடுக்கும் அந்த இரும்புச் சாவி ஒரு ரயில் கேட்டின் சாவி. சாண் நீளம், எடுத்தால் கை கனக்கும். எந்தக் கேட் என்று போன வாரம் கேட்டீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் கோபம் முந்திக்கொள்ளும் என்பதால் எழுதித் தருகிறேன்.

அந்த நாளில் ஆற்றங்கரையோடு கொற்கைப் பக்கம் வரை சின்ன ரயில் ஒன்று ஓடியது. பெரிய ரயில்வே அல்ல, நாலு பணக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய தனிக் கம்பெனி. பாதை போடும்போதே எங்கள் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்தவர் எங்கள் ஊர்க்காரர். ஊர் அவரை நம்பித்தான் வயலை விட்டது. அளக்க வந்தவர்கள் சித்திரையில் வந்தார்கள். பிசான நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. எங்கள் வடிகால் ஓடையும் காய்ந்துதான் கிடந்தது. அறுப்பு முடிந்தால் அந்த ஓடைக்குள்தான் நெல் வண்டிகளை ஓட்டுவோம், அது ஊர் வழக்கம். ஓவர்சியர் சக்கரத் தடத்தைப் பார்த்துவிட்டு, படத்தில் வண்டிப்பாதை என்று எழுதிக்கொண்டார். "ஐயா, இது பாதை இல்ல, வடிகாலு. ஐப்பசில வந்து பாருங்க, ஆளு முங்குத தண்ணி போவும்" என்று மேஸ்திரி கூடவே நடந்து சொன்னார். ஓவர்சியர் சிரித்தார். "தண்ணிக்குச் சக்கரம் உண்டா மேஸ்திரி?" என்று கேட்டாராம். பாலம் வரவேண்டிய இடத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, மேலே கேட் போட்டார்கள். நாலாம் வகுப்பு படித்தவன் என்று அந்தக் கேட்டுக்கு என்னை வைத்தார்கள்.

முதல் வண்டி வந்த அன்று வாழை மரம் கட்டி, தேங்காய் உடைத்தோம். பொய் சொல்லக்கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. கருப்பட்டியும் வாழைத்தாரும் ஒரே காலையில் டவுனுக்குப் போயின. பிரசவத்தில் திணறிய உங்கள் பெரியம்மையை அந்த வண்டியில் ஏற்றித்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிறகு சாயங்கால வண்டியும் விட்டார்கள். ஆனால் ஐப்பசி பிறந்தால் மேட்டுக்கு இந்தப் பக்கம் வயலெல்லாம் குளமாகும். நட்ட நாற்று தண்ணீருக்குள் அழுகும். அந்தப் பக்கம் ஓடை வெறுமனே கிடக்கும். மழையில் குடையோடு வந்து நின்று ஊர்க்காரர்கள் மேஸ்திரியைக் குத்திக்காட்டுவார்கள். "என்ன மேஸ்திரி, கேட்டைப் பூட்டிட்டீராவே? பெறகு தண்ணி எப்படிப் போவும்? சாவிய எடுத்துத் தொறந்து விடும்." அவர் தலையைக் குனிந்துகொள்வார். வருஷந்தோறும் என்னை உட்காரவைத்து மனு எழுதச் சொல்வார், கீழே பெருவிரலை உருட்டுவார். கவனிக்கப்படும் என்று பதில் வரும். கம்பெனி கொழுத்திருந்த வருஷங்களிலும் அதே பதில்தான்.

பிறகு சீமையில் பெரிய சண்டை வந்தது. கரி கிடைக்கவில்லை, எஞ்சினுக்குச் சாமான் வரவில்லை. சாயங்கால வண்டி நின்றது, அப்புறம் காலை வண்டியும் நின்றது. பங்குக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சண்டை நடக்கும் தேசத்துக்குக் கப்பலேற்ற உத்தரவு வந்தது. போட்டவரையே பெயர்க்கச் சொன்னார்கள். மேஸ்திரி பெயர்த்துக் கொடுத்தார். பெயர்த்த கையோடு மானேஜரிடம் போய், "இனிமே வண்டி இல்லைய்யா, ஓடையில கெடக்க மண்ணை மட்டும் வெட்டிக்கிடுதோம்" என்று கேட்டார். மேடு கம்பெனிச் சொத்து, தொட்டால் கேஸ் என்றார் மானேஜர். வண்டி ஓட்ட வக்கில்லாத கம்பெனிக்கு வக்கீல் வைக்க மட்டும் வக்கிருந்தது.

அந்த ஐப்பசியில் நடவு முடிந்த மறுநாளே மழை பிடித்தது. முந்தின இரண்டு வருஷமும் ஒரு மணிகூட விளையவில்லை. இந்த நாற்றும் போனால் ஊர் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். மூன்றாம் நாள் காலையில், எல்லாரும் பார்க்க, மேஸ்திரி மண்வெட்டியோடு வந்தார். கம்பெனிச் சொத்தென்று அப்போதும் கேட் பூட்டித்தான் இருந்தது, நான் காவல் இருந்தேன். "ஏலே, நீ வீட்டுக்குப் போ. நீ ஒண்ணையும் பாக்கல" என்றார். நான் போகவில்லை. இரண்டு கேட் தூணுக்கும் நடுவில் சரியாக ஓடை இருந்த இடத்தைப் பிடித்து வெட்டினார். உச்சிப் பொழுதுக்குள் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. சாயங்காலம் நாற்றின் நுனி வெளியே தெரிந்தது. வரப்பில் நின்ற பெண்கள் அழுதார்கள்.

கேஸ் போட்டார்கள். வெள்ளம் உடைத்தது என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. மானேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னால் பெரிய ரயில்வேயில் வேலைக்குச் சர்டிபிகேட் தருவதாகச் சொன்னார். கூண்டில் ஏறி, மேஸ்திரி வெட்டியதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். அவருக்கு மூன்று மாதம் ஜெயில். அந்தச் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்ப் பெரிய ரயில்வே ஆபீசில் நீட்டினேன். குமாஸ்தா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "எந்தக் கம்பெனி வே இது?" என்றார். அதற்குள் கம்பெனியையே கலைத்துவிட்டிருந்தார்கள்.

மேஸ்திரி விடுதலையாகி எதிரே வந்தபோது நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நீ பொய் சொல்லலியேலே, உன்னை என்ன சொல்ல? ஆனா ஓடைய வண்டிப்பாதைன்னு எழுதுனாம்லா ஒருத்தன், அவனை எவனும் கூண்டுல ஏத்தலியே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. என் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை. ஓவர்சியர் மேலும் மானேஜர் மேலும் இருப்பதும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்றும் எனக்கு இல்லை.

கலைக்கும்போது விளக்கு, கொடி, கேட் சங்கிலி எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போனார்கள். சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்த மேடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறதே, அதுதான் இடம். வெள்ளம் உடைத்த மடை என்று ஊர் இன்றும் சொல்கிறது. அவரைக் காப்பாற்றச் சொன்ன பேச்சு, காப்பாற்ற ஆள் இல்லாமல் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது. நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். இனிமேல் சொல்லாதீர்கள். அது மேஸ்திரி வெட்டிய மடை. எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், இந்தச் சாவியைக் காட்டி, எங்கள் அப்பா பார்த்தார் என்று சொல்லுங்கள்.